பழைய மினி லேத் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் படிச்சிட்டுப் போங்க (65 ஆயிரம் போச்சு)

கோவத்துல கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு ஆப்ல பாத்து, வீட்ல வச்சு ஓட்டுற சைஸ் மினி லேத் (இரும்பு ராட சுத்தவிட்டு கடையுற மெஷின்) ஒண்ணு வாங்கினேன். 65 ஆயிரம், மொத்தமும் கையில குடுத்தாச்சு. "ஃபுல் ஓவர்ஹால், எடுத்துட்டுப் போய் அப்படியே ஓட்டலாம்"னு விளம்பரத்துல போட்டிருந்துச்சு. இப்ப அது என் பெஞ்ச் மேல அக்கு அக்கா கழண்டு கிடக்கு.

நான் போறப்பவே மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. சக்ல (ராட கவ்விப் பிடிக்கிற பாகம்) அலுமினியம் ராடு. விக்கிறவரு என் கண்ணு முன்னாடியே மெல்லிசா ஒரு கட் போட்டு, ராட கழட்டி என் கையில குடுத்து, "தடவிப் பாருங்க தம்பி, நானும் டர்னரா லேத் ஓட்டினவன்தான், ஸ்பிண்டிலுக்கு புது பேரிங் என் கையால போட்டேன், உங்கள ஏமாத்தி நான் என்ன பண்ணப் போறேன்"னாரு. ஸ்பிண்டில்னா சக்க சுத்துற தண்டு. வயசானவரு, தொழில்காரரு. அந்த வார்த்தைய நம்பித்தான் பணத்த எடுத்து நீட்டினேன். அலுமினியத்துல லேசா கட் போட்டா எந்த டப்பா மெஷினும் பளபளன்னுதான் காட்டும், அது தெரிஞ்சேதான் அந்த ராட மாட்டி வச்சிருக்கான்.

வீட்டுக்கு வந்து இரும்புல கட் போட்டதும் வண்டவாளம் வெளிய வந்துச்சு. ஜாப் (கடையுற ராடு) முழுக்க சேட்டர், அதாவது அதிர்வுல விழுற வரிவரித் தடம். பார்ட்டிங் டூல் (ராட துண்டா அறுக்குற டூல்) வச்சா கடிச்சுகிட்டு நின்னுடுது. 25 மில்லிமீட்டர் ராட சக்ல இருந்து 100 மில்லி வெளிய நீட்டி ஃபைன் கட் ஓட்டி, ரெண்டு முனையிலயும் மைக்ரோமீட்டர் வச்சா 0.15 மில்லி டேப்பர், அதாவது ரெண்டு முனைக்கும் விட்டத்துல அவ்வளவு வித்தியாசம்.

சரின்னு கழட்ட ஆரம்பிச்சேன், கழட்டக் கழட்ட வயிறு எரியுது. கிராஸ் ஸ்லைடு (டூல முன்ன பின்ன நகத்துற பாகம்) கிப்ல (அதோட ஆட்டத்த எடுக்குற மெல்லிசு பட்டை), ஸ்க்ரூ முனை உக்கார வேண்டிய குழியே போடல, அதனால ஸ்க்ரூவ டைட் பண்ணா கிப் ஒரு பக்கமா சாயுது, அந்த ஆட்டத்த மறைக்க கூல்டிரிங்ஸ் டின்ன கத்திரிக்கோலால வெட்டி உள்ள சொருகியிருக்கான். டின்னோட சிவப்பு பெயிண்ட்கூட உரியல, அப்படியே இருக்கு. ஸ்பிண்டில்ல கெட்டி கிரீஸ அப்பி வச்சிருக்கான், மண்ணெண்ணெய் விட்டு கழுவிட்டு கையால சுத்தினா மணல அரைக்கிற மாதிரி கரகரங்குது. இதுதான் புது பேரிங்காம்! எல்லாத்தயும் விட பெரிய அயோக்கியத்தனம், ஆபத்துக்கு அமுக்குற சிவப்பு பட்டன் இருக்கே, அதுக்குப் பின்னாடி ரெண்டு ஒயரயும் முறுக்கி டேப் சுத்தி விட்டிருக்கான். அமுக்கினா மெஷின் நிக்காது. சட்டக் கை சக்ல மாட்டியிருந்தா என் கதி என்ன? இது வெறும் ஏமாத்து வேலை இல்ல.

போன் போட்டா முதல்ல "வண்டியில ஏத்தி இறக்கினதுல அலைன்மென்ட் போயிருக்கும் தம்பி". டின் துண்டு போட்டோ அனுப்பினேன், "உங்களுக்கு ஓட்டத் தெரியல". அப்புறம் மெசேஜ் பாக்குறான், பதில் இல்ல. அப்புறம் பிளாக். ஆப்காரங்க கிட்ட போட்டோ வீடியோ எல்லாம் சேத்து புகார் குடுத்தா, "விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல, உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு ஒரே பதில், திரும்ப எழுதினாலும் அதே வரி. என்ன பொறுமை? 65 ஆயிரம்யா!

இனிமே நானேதான் சரி பண்ணணும். உள்ள இருக்கது 6206 பேரிங், அதுக்கு பதிலா 30206 டேப்பர் ரோலர் (கூம்பு உருளை வச்ச பேரிங்) போடலாம்னு இருக்கேன், உள் விட்டம் வெளி விட்டம் ரெண்டும் ஒண்ணுதான், ஆனா அகலம் 16 மில்லிக்கு பதிலா 17.25, அதனால ஸ்பேசர் வளையத்த தேய்ச்சுக் குறைக்கணும். கிப்ப அது இருக்க வேண்டிய இடத்துல வச்சு, ஸ்க்ரூ ஓட்டை வழியாவே மார்க் பண்ணி குழி போடணும். ஜாப்ல வந்த டேப்பருக்கு ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்க பாகம்) போல்ட லூஸ் பண்ணி சீர் பண்ணணும். அந்த 65 ஆயிரம் போக இதுக்கெல்லாம் வேற செலவு.

செக் பண்ண வேண்டியத விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப மனசு இல்ல, அவசரத்துக்கு இது மட்டும். மெஷின் நீங்க போறதுக்கு முன்னாடியே ஓடிட்டு இருந்தா நிறுத்தச் சொல்லி, ஆறினப்புறம் கையால ஸ்பிண்டில சுத்திப் பாருங்க. நீங்களே ஒரு இரும்பு ராடு கொண்டு போங்க, அலுமினியம் வேண்டாம். சேடில (டூல சுமந்துகிட்டு பெட்ங்கிற நீளமான அடிப்பாகத்து மேல ஓடுறது) சக் பக்கத்துல வச்சு கிப்ப கொஞ்சம் டைட் பண்ணிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் (சக்குக்கு எதிர் முனை) தள்ளுங்க, அங்க போய் இறுகுச்சுன்னா சக் பக்கத்துல பெட் தேஞ்சிருக்கு. ஓடுறப்ப சிவப்பு பட்டன அமுக்கிப் பாருங்க. முழுப் பணத்த கையில குடுக்காதீங்க.

அந்தாளு அதே ஆப்ல இன்னொரு லேத் விளம்பரம் போட்டிருக்கான், அதே "ஃபுல் ஓவர்ஹால்", சக்ல அதே மாதிரி அலுமினியம் ராடு. பாத்தா தள்ளிப் போயிடுங்க.