டைகரா, டி-34-ஆ, ஷெர்மனா? வார் தண்டரில் ஆள் குறைந்தாலும் கலையாத படைப்பிரிவு

வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் விளையாட்டில் ஆளுக்கொரு டாங்கில் கண்டபடி ஓடி அலுத்த பிறகு, பெரும்பாலான குழுக்களுக்கு ஒரு ஆசை வரும். உண்மையில் போரில் நின்ற ஒரு படைப்பிரிவை எடுத்து, அதே அமைப்பு, அதே டாங்குகள், அதே கட்டளை வரிசையோடு ஆட வேண்டும் என்ற ஆசை. நாகர்கோவில், குளச்சல், மார்த்தாண்டம், குலசேகரம் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் குழுவுக்கும் அது வந்தது. ஜெர்மன் டைகர் பிரிவு, சோவியத் டி-34 கம்பெனி, பிரிட்டிஷ் ஷெர்மன் ட்ரூப் (சில டாங்குகள் கொண்ட சிறு பிரிவு) மூன்றையும் ஆடிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஷெர்மனில் நிலைத்துவிட்டோம். அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டின் அளவுகள். சாதாரண ஆட்டத்தில் ஒரு ஸ்குவாடில், அதாவது சேர்ந்து ஆடும் சிறு குழுவில், அதிகபட்சம் 4 பேர். நிரந்தரக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதும் ஸ்குவாட்ரன் போட்டியில் பக்கத்துக்கு 8 பேர். பெரிய அளவில் ஆட வேண்டுமென்றால் கஸ்டம் ஆட்டம் ஒன்றைத் திறந்து, எந்த டாங்குகளுக்கு அனுமதி என்று நாமே குறித்துக்கொள்ளலாம். ஆக, எந்த வரலாற்றுப் பிரிவாக இருந்தாலும் 4, 8 என்ற இந்த இரண்டு எண்ணிக்கைக்குள் பொருந்தினால்தான் அன்றாடம் ஓடும்.

டைகரின் கவர்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் 100 மி.மீ. கவசம், 88 மி.மீ. பீரங்கி, உள்ளே போய் வெடிக்கும் குண்டு. ஒழுங்காகப் பட்டால் எதிரிக்கு அடுத்த வாய்ப்பே கிடையாது. 1943 முதல் வந்த அமைப்பில் ஒரு கனரக பட்டாலியனுக்கு 45 டைகர். கம்பெனிக்கு 14, ஒரு பிளட்டூனுக்கு 4. காகிதத்தில் பார்த்தால் ஸ்குவாடுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். ஆனால் நான்கு பேரிடமும் டைகர் இருக்க வேண்டும். புதிதாக ஒரு பையன் சேர்ந்தால், விளையாட்டில் டாங்குகளைப் படிப்படியாகத் திறக்கும் ஜெர்மன் மரத்தில் அவன் மூன்றாவது ரேங்க் வரை ஏறி வரும்வரை படைப்பிரிவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ரேங்க் ஏற ஏற ரிப்பேர் செலவும் ஏறும். தொடர்ந்து தோற்ற வாரங்களில் எங்கள் ஆட்கள் விளையாட்டுக் காசான சில்வர் லயனை எண்ணி எண்ணி, டைகரை வெளியே எடுக்கவே தயங்கினார்கள். தைரியமாக முன்னே போய் அடி வாங்க வேண்டிய டாங்க், மலைக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும். நிஜப் போரிலும் டைகருக்குப் பெரிய தலைவலி பராமரிப்புதான். 57 டன் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் இழுத்துப் போவதே பெரும்பாடு. இழுக்க வழியில்லாமல் சொந்த வீரர்களே வெடிவைத்து விட்டுப்போன டைகர்கள் ஏராளம். மொத்தம் கட்டியதே சுமார் 1,350தான், போனதுக்கு ஈடு வருவது அரிது.

ஜெர்மன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பிந்தைய அமைப்பை விட்டுவிட்டு 1942 அமைப்பை எடுங்கள். அப்போது ஒரு பட்டாலியனில் 20 டைகரோடு பான்சர் 3 என்ற சிறிய டாங்க் 25 இருந்தன. துனிசியாவுக்குப் போன 501-வது பட்டாலியன் அப்படித்தான் கலந்து போனது. டைகர் இல்லாத புதியவர் பான்சர் 3-இல் பக்கவாட்டுக் காவலுக்கு நிற்கலாம், வரலாறும் கெடாது. அப்புறம், நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்எஸ் பட்டாலியன்களின் பெயரையோ சின்னத்தையோ எடுக்காதீர்கள். டாங்கின் மேல் ஆர்வம் இருப்பது வேறு, அந்த அமைப்பைக் கொண்டாடுவது வேறு. எங்கள் குழுவில் பள்ளிக்கூடப் பையன்களும் இருக்கிறார்கள். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

சோவியத் அமைப்பு எனக்கு மனதுக்குப் பிடித்த ஒன்று. டி-34 பிளட்டூனுக்கு 3 டாங்க், கம்பெனிக்கு 10, பட்டாலியனுக்கு 21. 1943 இறுதியில் ஒரு டாங்க் பிரிகேடுக்கு 65. போரின் முதல் ஆண்டுகளில் பெரும்பாலான டி-34களில் ரேடியோவே கிடையாது. கமாண்டர் கொடி காட்டுவார், இல்லையென்றால் ‘நான் செய்வதைச் செய்’ என்பதுதான் உத்தரவு. இது நம் ஊர்க்காரர்களுக்கு வெகுவாகப் பொருந்துகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் எல்லாரும் தூங்கும்போது மைக்கில் கத்த முடியாதவர்கள் எத்தனை பேர்! தலைவர் திரும்பினால் திரும்பு, அவர் சுட்டதையே சுடு, அவ்வளவுதான் சட்டம். ஆனால் இந்த முறைக்குக் கூட்டம் வேண்டும். மூன்று டி-34 ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் மூன்றும் ஒரே புதரோரத்தில் எரியும். பத்து போனால்தான் அந்த அலை எதிரியைத் தொடும். பத்துப் பேரை ஒரே ராத்திரியில் சேர்த்தது எங்களுக்கு அபூர்வம். அதனால் இதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஆடியிருக்கிறோம் என்று சொல்ல மாட்டேன்.

என் கணிப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த ஆள் கணக்குதான். கவசத்தின் தடிமன், பீரங்கியின் நீளம் எல்லாம் அதற்குப் பிறகு.

நம் மாவட்டத்தில் யார் எப்போது வருவார்கள் என்பதற்கு ஒரு காலண்டரே இருக்கிறது. சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுக்காரர்களுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரைக் கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். ஒரு கூட்டம் கடலுக்குத் திரும்பும்போது இன்னொரு கூட்டம் கரைக்கு வந்திருக்கும். தடை முடிந்தால் ஆள் வாரக்கணக்கில் கடலில், டாங்க் கராஜில். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழ வேண்டும். ஒன்பதரைக்குமேல் அவர்களைக் கூப்பிடுவது பாவம். ஆனி, ஆடி மழையில் வெட்டு நின்ற நாட்களில் அவர்கள்தான் முதலில் ஆன்லைனில் இருப்பார்கள், அந்த மழையிலேயே கரண்டும் போகும். துபாயில் இருக்கும் அண்ணன்மாருக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் கடிகாரம். நாம் தூங்கப் போகும் நேரத்தில்தான் அவர்கள் ஆட உட்காருவார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருகிறவர்கள் தனி ரகம். டிசம்பரில் குடில் வேலையும் கேரல் ரவுண்டும் தொடங்கிவிட்டால் பாதிக் குழுவைக் காணவே முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு படைப்பிரிவு எப்படி இருக்க வேண்டும்? நான்கு பேர் வந்தாலும் ஓட வேண்டும், மூன்று பேர் வந்தாலும் ஓட வேண்டும். நேற்று வந்தவர் இன்று வராவிட்டாலும் வேறு ஒருவர் அந்த இடத்தில் உட்கார முடிய வேண்டும். அதே நேரத்தில் ‘இது அந்தப் படைப்பிரிவுதான்’ என்று மனசாட்சியோடு சொல்லவும் முடிய வேண்டும்.

நார்மண்டியில் 1944-இல் நின்ற பிரிட்டிஷ் ஷெர்மன் ட்ரூப் இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தது. மூன்று சாதாரண 75 மி.மீ. ஷெர்மன், பலமான 17 பவுண்டர் பீரங்கி பொருத்திய ஷெர்மனான ஃபயர்ஃபிளை ஒன்று. மொத்தம் நான்கு, அதாவது ஒரு முழு ஸ்குவாட். இரண்டு ட்ரூப் சேர்ந்தால் ஸ்குவாட்ரன் போட்டிக்கு வேண்டிய 8 பேர். ஒருவர் வராவிட்டால் மூன்று டாங்க் ட்ரூப். பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளில் அதுவும் இருந்த அமைப்புதான். புதியவருக்கு வேண்டியது இரண்டாவது ரேங்க் ஷெர்மன், அதற்குச் சீக்கிரமே வந்துவிடலாம். ஃபயர்ஃபிளைக்கு ட்ரூப்பில் ஒரே ஒருவர் ஏறியிருந்தால் போதும். நாங்கள் இரண்டு மூன்று பேர் அதைத் திறந்து வைத்திருக்கிறோம், கடலில் இருப்பவருக்குப் பதில் கரையில் இருப்பவர் எடுப்பார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன், அது சின்னக் குறை இல்லை. ஸ்குவாடில் எவருடைய டாங்குக்கு பேட்டில் ரேட்டிங், அதாவது விளையாட்டு தரும் பல மதிப்பெண், அதிகமோ அதை வைத்துத்தான் எதிரிகள் அமைவார்கள். ஒரு ஃபயர்ஃபிளை இருந்தால் மற்ற மூன்று ஷெர்மன்களும் தங்களுக்கு மேலே இருக்கும் டாங்குகளைச் சந்திக்க வேண்டும். டைகரை நேருக்கு நேர் 75 மி.மீ. பீரங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. ஃபயர்ஃபிளையின் 17 பவுண்டர் துளைக்கும், ஆனால் அதன் குண்டு உள்ளே போய் வெடிக்காது. எங்கே பட வேண்டும் என்று தெரிந்து சுட வேண்டும். முதல் குண்டில் கன்னரையோ பீரங்கியின் அடிப்பகுதியையோ பிடிக்காவிட்டால் பதிலுக்கு 88 வரும்.

ஆனால் நிஜத்தில் அந்த வீரர்கள் சந்தித்ததும் இதே நிலைமைதானே. அதனால் வரலாற்றில் செய்ததையே செய்தோம். மூன்று ஷெர்மனும் எதிரியின் கண்ணை இழுக்கும், புகைக்குண்டு போடும், இரண்டு பக்கமும் பிரியும். ஃபயர்ஃபிளை மரவரிசைக்குப் பின்னால் அசையாமல் கிடக்கும். டைகர் ஒரு ஷெர்மனைத் தேடித் திரும்பும்போது பக்கவாட்டு 80 மி.மீ. கவசம் தெரியும். அங்கே 17 பவுண்டர் என்ன, அருகில் வந்தால் 75 மி.மீ. குண்டே போகும். ஷெர்மனுக்கு மெதுவாக நகரும்போதும் பீரங்கியை நிலையாக வைக்கும் ஸ்டெபிலைசர் உண்டு. திருப்பத்தில் டைகர் நின்று குறி வைப்பதற்குள் ஷெர்மன் சுட்டிருக்கும். 1944 ஆகஸ்ட் 8 அன்று, புகழ்பெற்ற டைகர் கமாண்டர் மைக்கேல் விட்மன் இறந்தது நார்தாம்ப்டன்ஷயர் யோமன்ரி என்ற பிரிட்டிஷ் ரெஜிமெண்டின் ஒரு ஃபயர்ஃபிளையால் என்றுதான் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஃபயர்ஃபிளையும் தோட்டத்து மரங்களுக்குள் காத்துக் கிடந்ததுதான்.

குர்ஸ்க் மாதிரி வெட்டவெளி மேப் வந்தால் இந்தத் திட்டம் திணறும், மறைக்கவில்லை. அங்கே டைகர் பிளட்டூன்தான் மேல்.

ஆள் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. சண்டை நடுவே தலைவர் போய்விட்டால்? ஸ்குவாட்ரன் போட்டியில் ஆளுக்கு ஒரே உயிர். டைகர் ஆடிய காலத்தில் தலைவரின் டாங்க் எரிந்த அடுத்த நொடியே, நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டில், “அண்ணே, நீங்க போயாச்சுன்னா நாங்க யாரு பொறத்தால வாறது?” என்று ஒரு குரல் வரும். அப்புறம் ஆளுக்கொரு திசை. இதற்கு எங்களுக்கு வழிகாட்டியது நார்மண்டி இல்லை, இம்பால். 1944 ஏப்ரல் 13 அன்று நுன்ஷிகும் மலை முகட்டில் ஜப்பானியரை எதிர்த்து மூன்றாவது காரபினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாங்க் ரெஜிமெண்டின் பி ஸ்குவாட்ரன் (கம்பெனி அளவுப் படை) லீ டாங்குகளில் ஏறியது. செங்குத்தான சரிவு, வழி பார்க்கத் தலையை வெளியே நீட்டியே ஓட்ட வேண்டும். டாங்குகளில் இருந்த அதிகாரிகள் அத்தனை பேரும் விழுந்தார்கள். ஸ்குவாட்ரன் சார்ஜென்ட் மேஜர் கிராடாக் பொறுப்பை எடுத்தார். கூடவே ஏறிய டோக்ரா காலாட்படையிலும் அதிகாரிகள் விழுந்து, சுபேதார் ரண்பீர் சிங் முன்னின்றார். முகடு கைவசமானது. அதைப் படித்த பிறகு எங்கள் ட்ரூப்பில் தலைவருக்கு அடுத்து ட்ரூப் சார்ஜென்ட், அவருக்கு அடுத்து கார்ப்பொரல் என்று ஆட்டம் தொடங்குமுன்னே பெயர் சொல்லிவிடுகிறோம். தலைவர் போனால் அடுத்தவர் ‘நான் எடுக்கிறேன்’ என்று ஒரே வார்த்தை. இதில் பதினேழு வயதுப் பையன் நாற்பது வயது அண்ணனுக்கு உத்தரவு போடுவான், அண்ணனும் கேட்பார். சமயத்தில் மரியாதையெல்லாம் விட்டு “மக்கா, இடது பக்கம் வா” என்றுதான் வரும். யாரும் கோபித்ததில்லை.

இந்தியப் பெயர் ஏன் வைக்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. 255-வது இந்திய டாங்க் பிரிகேடில் ப்ரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் என்ற ரெஜிமெண்டுகள் ஷெர்மனோடு பர்மாவில் 1945 மார்ச்சில் மெய்க்டிலாவைப் பிடித்தன. ஆனால் பர்மாவுக்கு ஃபயர்ஃபிளை போகவில்லை. பெயரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓட்டாத டாங்கை உள்ளே நுழைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே கஸ்டம் ஆட்டத்தில் வெறும் 75 மி.மீ. ஷெர்மனோடு டெக்கான் ஹார்ஸ் ஆடுகிறோம், அன்றாட ஸ்குவாடில் நார்மண்டி ட்ரூப். அந்த கஸ்டம் ஆட்டங்களுக்கு வருகிற உற்சாகம் வேறு எதற்கும் வருவதில்லை.

அமெரிக்கப் பிளட்டூனுக்கு 5 டாங்க், ஸ்குவாடில் ஒருவர் வெளியே நிற்க வேண்டும், அதனால் அதைத் தொடவில்லை. ஹெல் லெட் லூஸ் என்ற வேறொரு விளையாட்டில் ஒரே டாங்குக்குள் மூன்று பேர் உட்கார்ந்து ஆடுவது முற்றிலும் வேறு அனுபவம். கமாண்டர், டிரைவர், கன்னர் மூவரும் ஒரே நேரத்தில் வந்தால்தான் வண்டி ஒழுங்காகச் சண்டை போடும். நாங்கள் அதைக் கொஞ்சம்தான் தொட்டிருக்கிறோம், ஆனால் நம் ஊர் காலண்டருக்கு அது இன்னும் கடினம் என்றே தோன்றுகிறது.

சோவியத் கம்பெனியை நான் கைவிடவில்லை. ஜூன் 1 முதல் 14 வரை கிழக்கு, மேற்கு இரண்டு தடையும் ஒன்றாக விழும். சின்னமுட்டமும் குளச்சலும் ஒரே நேரத்தில் கரையில் இருக்கும் அந்த இரண்டு வாரத்தில், கரண்ட் ஒத்துழைத்தால், பத்து டி-34-ஐ ஒரே கஸ்டம் ஆட்டத்தில் இறக்கிப் பார்க்கத் திட்டம் போட்டிருக்கிறோம். மைக் இல்லாதவர்களும் வரலாம்.