ஒரே ஆய்வு, மூன்று ஜர்னல்கள்: எதற்காக எழுதுவது?

போன மாதம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மாணவி தன் டிராஃப்டை என் முன்னால் வைத்தாள். கல்லூரியின் க்யூப்சாட் (கையில் அடங்கும் பெட்டி அளவுச் சிறு செயற்கைக்கோள்) குழுவில் இருப்பவள். 22 பக்கம், 17 படம். "எழுதி முடிச்சிட்டேன் அண்ணா. இனிமேதான் எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்னு பார்க்கணும்" என்றாள்.

சென்னையில் விண்வெளித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த வரிசையில்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். என் முதல் கட்டுரை, அதை மதிப்பிடும் ரிவ்யூவர் கைக்கே போகாமல், "எங்கள் ஸ்கோப்புக்குள் வரவில்லை" என்ற இரண்டு வரியோடு எடிட்டரிடமிருந்து திரும்பி வந்தது. ஆய்வில் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொரு ஜர்னலுக்காக அதைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: ஜர்னலை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் எழுத உட்காருங்கள். நம் ஊர் மாணவர் குழுக்கள் அடிக்கடி யோசிக்கும் மூன்று பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஆக்டா ஆஸ்ட்ரோநாட்டிகா. சர்வதேச விண்வெளியியல் அகாடமியின் ஜர்னல் இது, வெளியிடுவது எல்செவியர். விண்கலத்தை எப்படி யோசித்தோம், வடிவமைத்தோம், கட்டினோம், இயக்கினோம் என்பதெல்லாம் இதன் எல்லைக்குள் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி-சி12-ல் ஏறிப் போன 40 கிலோ செயற்கைக்கோள். செய்தியை ஓர் இடத்தில் வாங்கிச் சேமித்து, வேறோர் இடத்துக்கு மேலே வரும்போது இறக்கிக் கொடுக்கும் வேலை அதற்கு. அப்படி ஒரு முழு அமைப்பின் கதை உங்களிடம் இருந்தால் ஆக்டாதான் சரியான வாசல். ஆனால் "கட்டினோம், பறந்தது" என்பது மட்டும் போதாது. எடை, மின்சாரம், தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கு முதலில் போட்ட கணக்கு என்ன, மேலே போனபின் கிடைத்தது என்ன, வித்தியாசம் ஏன் வந்தது என்று எழுதினால்தான் அடுத்து கட்டப்போகிறவருக்குப் பயன்படும். ரிவ்யூவர் தேடுவதும் அதைத்தான்.

இரண்டாவது அட்வான்சஸ் இன் ஸ்பேஸ் ரிசர்ச். இதையும் எல்செவியர்தான் வெளியிடுகிறது, ஆனால் இது 1958-ல் அமைந்த காஸ்பார் என்ற சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழுவின் ஜர்னல். கருவியைவிடக் கருவி அளந்ததற்கு இங்கே மதிப்பு அதிகம். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் கட்டி 2011 அக்டோபர் 12 அன்று மேலே போன எஸ்.ஆர்.எம்.சாட், 2016 ஜூன் 22 அன்று போன ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட், இரண்டுமே பசுமைக்குடில் வாயுக்களைக் கவனிக்க அகச்சிவப்பு ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியைச் சுமந்தவை. அந்த மாதிரி கருவி தந்த அளவீடு கையில் இருந்தால் இங்கே வரலாம். சுற்றுப்பாதைக் கணிப்பு, விண்வெளிக் குப்பை பற்றிய கட்டுரைகளுக்கும் இடம் உண்டு. மேற்கோள் முறையும் வேறு: ஆக்டாவில் எண் போடுவார்கள், இங்கே ஆசிரியர் பெயரும் ஆண்டும். ஜோட்டெரோ, மெண்டலே போன்ற மென்பொருளில் சேர்த்து வைத்திருந்தால் மாற்றுவது ஒரு நொடி வேலை. கையால் தட்டியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மூன்றாவது ஜர்னல் ஆஃப் ஸ்பேஸ்கிராஃப்ட் அண்ட் ராக்கெட்ஸ். 1964 முதல் வருகிறது, அமெரிக்காவின் ஏ.ஐ.ஏ.ஏ. என்ற விமான, விண்வெளிப் பொறியியல் அமைப்புடையது. நம் பிள்ளைகள் பெயரைப் பார்த்தே பயந்து ஒதுங்குவது இதைப் பார்த்துத்தான். ஆனால் அந்த மாணவியின் டிராஃப்டைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றிய பெயரும் இதுதான்.

அவள் எழுதியிருந்தது இது. ராக்கெட்டிலிருந்து பிரியும் க்யூப்சாட் தாறுமாறாகச் சுழலும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடவிட்டால் அது பூமியின் காந்தப்புலத்தோடு மல்லுக்கட்டி, சுழற்சியை மெல்ல மெல்ல அடக்கும். காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்து, அதற்கு எதிர்த்திசையில் சுருளை இயக்குவதுதான் பி-டாட் முறை. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது: புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதே அச்சைச் சுற்றித் திருப்புவிசை கொடுக்கவே முடியாது. கலம் நகர நகரப் புலத்தின் திசை மாறும், அதுவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க அவள் ஒரு திருத்தம் கண்டுபிடித்திருந்தாள். நல்ல திருத்தம். ஆனால் அதற்குச் சான்றாக இருந்தது, விநாடிக்கு 10 டிகிரி சுழற்சியில் தொடங்கி கணினியில் ஓட்டிப் பார்த்த ஒரே ஒரு சிமுலேஷன், அதன் விடைக்கு ஒரு படம், "வேலை செய்கிறது" என்ற முடிவுரை.

அங்கேதான் இந்த ஜர்னல் பிடித்து நிறுத்தும். கணினிக் கணக்கு என்றாலும் சோதனை என்றாலும், விடை எவ்வளவு துல்லியம் என்று சொல்லாத கட்டுரையை ஏற்பதில்லை என்று ஏ.ஐ.ஏ.ஏ. எழுத்திலேயே போட்டிருக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியின் இரைச்சல், அதாவது அளவில் கலக்கும் பிழை, கூடினால் என்ன ஆகும்? கலத்தின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிலைமத் திருப்புத்திறனில் கொஞ்சம் பிசகினால்? கணக்கின் கால இடைவெளியைப் பாதியாக்கினாலும் அதே விடை வருமா? இதற்கெல்லாம் பதில் வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் நோமென்கிளேச்சர் என்ற குறியீட்டுப் பட்டியல் வேண்டும், ஒவ்வொரு குறியீட்டுக்கும் அலகோடு. பலருக்கு இது சடங்காகப் படும். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் தொலைந்துபோனது ஒரு தரப்பு பவுண்டு விசையிலும் மறுதரப்பு நியூட்டனிலும் கணக்குப் போட்டதால்தான். எனக்கு அந்தப் பட்டியல் மேல் மரியாதை உண்டு.

இன்னொரு வசதியும் இங்கே இருக்கிறது. முழுக் கட்டுரை அளவுக்கு விஷயம் இல்லையென்றால் 'இன்ஜினியரிங் நோட்' என்ற சிறு வடிவத்தில் அனுப்பலாம். ஒரே ஒரு நல்ல யோசனையை 22 பக்கத்துக்கு இழுக்கத் தேவையில்லை.

பணம்? ஆக்டாவிலும் அட்வான்சஸிலும் சந்தா வழியில் வெளியிட்டால் ஆசிரியர் காசு கட்ட வேண்டாம். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட விரும்பினால்தான் கட்டணம். எம்.டி.பி.ஐ. பதிப்பகத்தின் ஏரோஸ்பேஸ் போன்றவை முழுக்கத் திறந்த ஜர்னல்கள், ஏற்கப்பட்டால் கட்டணம் உண்டு. கைடின் புராஜெக்ட்டில் அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். படிப்பதற்கு, அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது, எல்செவியர் அதில் அடக்கம். குறிவைத்த ஜர்னலில் கடைசி இரண்டு ஆண்டில் உங்கள் தலைப்பில் வந்தவற்றையாவது படித்துவிடுங்கள். அப்படி எதுவும் வந்திருக்கவே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

எழுதுவதற்கு வேர்டா, கட்டளைகளைத் தட்டிப் பக்கத்தை அமைக்கும் லேட்டெக்கா என்று தினமும் சண்டை நடக்கிறது. மூன்று ஜர்னலும் இரண்டையும் ஏற்கும். சமன்பாடு நிறைய இருந்தால் நான் லேட்டெக் பக்கம். திருத்தி அனுப்பும்போது என்ன மாறியது என்று லேட்டெக்டிஃப் என்ற துணைக்கருவி தானாகவே வண்ணத்தில் காட்டிவிடும். ஆனால் உங்கள் கைடு வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுத்தான் திருத்துவார் என்றால் வேர்டிலேயே எழுதுங்கள். அவருடைய திருத்தம் கிடைப்பதுதான் பெரிது.

படத்துக்கு வருகிறேன். எல்செவியரில் ஒற்றைப் பத்தி அகலம் 90 மில்லிமீட்டர். அவளோடு நூலகத்தை விட்டு வெளியே வந்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுடைய முக்கியமான படத்தை அந்த அகலத்தில் பிரின்ட் எடுத்தோம். திரையில் பளிச்சென்று இருந்த மூன்று கோடுகளும் ஒன்றாகிவிட்டன. படத்தின் ஓரத்து அச்சுக்கோடுகளில் இருந்த எண்கள் எறும்பு வரிசைபோலத் தெரிந்தன. நீலத்துக்கும் பச்சைக்கும் கறுப்பு வெள்ளையில் வித்தியாசமே இல்லை. அவள் அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதையா அனுப்ப இருந்தேன்" என்றாள்.

அவளுடைய செயற்கைக்கோள் இன்னும் ஆய்வக மேசையில்தான் இருக்கிறது. மேலிருந்து அளவீடு வராததால் அட்வான்சஸ் இப்போதைக்கு இல்லை. முழு அமைப்பின் கதையும் பாதியில் நிற்கிறது, அதனால் ஆக்டாவுக்கு அது பறந்து முடிக்கட்டும். கையில் இருப்பது ஒரு முறை, ஒரு திருத்தம். அதை இன்ஜினியரிங் நோட்டாகச் சுருக்குவது என்று பேசி முடித்தோம். 17 படம் 6 ஆனது. தொடக்கச் சுழற்சியையும் காந்தமானி இரைச்சலையும் மாற்றி மாற்றி 500 சிமுலேஷன் ஓடவிட்டிருக்கிறாள். நேற்று இரவு அனுப்பிய செய்தியில், அவற்றில் 11 ஓட்டங்களில் சுழற்சி அடங்கவில்லை என்று எழுதியிருந்தாள். அந்தப் பதினொன்றையும் தனிப் படமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.