பெருநாடியை அளக்க எக்கோவா, சீ.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? எங்கள் தெரிவும் காரணமும்

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் அகலத்தை அளக்க இன்று மூன்று வழிகள் உண்டு: ஒலி அலையால் பார்க்கும் எக்கோ, எக்ஸ்ரே கதிரால் படமெடுக்கும் சீ.டி. ஸ்கேன், காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. என் தம்பிக்கு நாங்கள் எம்.ஆர்.ஐ.யைத் தெரிவு செய்தோம். அவனுக்குப் பிறப்பிலேயே பெருநாடி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டுதான். சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும். அவர்களில் பலருக்கு வால்வுக்கு மேலே உள்ள நாடி காலப்போக்கில் அகலும். அளவு மீறி அகன்றால் கிழியும் ஆபத்து உண்டு என்பதால் ஆயுள் முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும். திருகோணமலையில் இருந்துகொண்டு எதைச் செய்வது என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் இது.

எக்கோவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செலவு குறைவு, கிளினிக்கிலேயே முடிந்துவிடும், வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்பதைப் பார்க்க அதுதான் முதல் கருவி. நாடியின் அடிப்பகுதியும் நன்றாகத் தெரியும். ஆனால் நாடி அங்கிருந்து மேலே ஏறும் இடத்தில் நெஞ்செலும்பும் நுரையீரலும் மறைத்துவிடும். காற்று நிறைந்த நுரையீரலை ஒலி அலை தாண்டாது. தம்பிக்கு அகலம் அதிகமாக இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். அடிப்பகுதி மட்டும் அகன்றவர்களுக்கு எக்கோவே போதுமானதாக இருக்கலாம்.

சீ.டி.யின் படம் மிகத் துல்லியம். அரை மில்லிமீட்டர் அளவு நுணுக்கம் தெரியும், ஆள் உள்ளே இருப்பதும் சில நிமிடங்கள்தான். திடீரென்று நெஞ்சோ முதுகோ கிழிபடுவதுபோல் வலித்தால் இந்த ஒப்பீடெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்கு, அங்கே சீ.டி.தான் கைகொடுக்கும். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அவற்றைப் பார்ப்பதற்கும் எம்.ஆர்.ஐ.யைவிட சீ.டி. மேல்.

அப்புறம் ஏன் சீ.டி. வேண்டாம் என்றோம்? தம்பிக்கு வயது முப்பத்து நான்கு. இனி எத்தனை தடவை அளக்கப் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சில மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு உடம்பில் ஏறும். இயற்கையாக ஒருவருக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்தான். ஒரு தடவைக்கு அது பெரிய விஷயமில்லை. இருபது, முப்பது வருடம் என்று வரும்போது யோசிக்க வேண்டும். நாடியைத் தெளிவாகக் காட்ட ஏற்றும் அயடின் மருந்தும் பலவீனமான சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. பதவி சிறிபுர போல சிறுநீரக நோய் அதிகமுள்ள இடங்களும் எங்கள் மாவட்டத்திலேயே இருப்பதால், இதைச் சும்மா விட்டுவிட முடியாது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை. அகலத்தை மட்டும் அளப்பதற்கு மருந்து ஏற்றவும் தேவையில்லை, ஓடும் இரத்தம் தானாகவே வெள்ளையாகத் தெரியும்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுவல்ல. இந்த வருட எண்ணையும் அடுத்த வருட எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும், அதுதான் முக்கியம். பெரியவர்களில் ஏறு பெருநாடி, அதாவது வால்வுக்கு மேலே ஏறும் பகுதி, பொதுவாக 3 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும், 4ஐத் தாண்டினால் அகலம் என்பார்கள். 5.5 வந்தால் சத்திரசிகிச்சை என்பது பரவலான கணக்கு. சிலருக்கு அதற்கு முன்பே. வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் வளர்ந்தாலும் கவனிக்க வேண்டிய விஷயம்தான். இப்போது பாருங்கள்: எக்கோவில் வழக்கமாக ஒரு பக்கச் சுவரையும் சேர்த்து அளப்பார்கள், எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் உட்சுவரிலிருந்து உட்சுவர். அதிலேயே 2 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். ஒரு வருடம் இதில், அடுத்த வருடம் அதில் என்று எடுத்தால் நாடி வளர்ந்ததா, அளக்கும் முறை மாறியதா என்று யாருக்கும் சொல்ல முடியாது. வளராத நாடிக்காக வீடே கலங்கிப்போகும், அல்லது வளர்ந்த நாடி கண்ணில் படாமல் போகும்.

வெட்டுக்கோணமும் அப்படித்தான். வாழைத்தண்டைச் சரித்து வெட்டினால் முகம் நீண்டு பெரிதாகத் தெரியுமே, சாய்ந்து வளையும் நாடியை நெஞ்சுக்குக் குறுக்காக மட்டும் வெட்டிப் பார்த்தால் அதேதான் நடக்கும். எம்.ஆர்.ஐ.யில் நாடிக்குச் செங்குத்தாக எந்தக் கோணத்திலும் படம் எடுக்கலாம். சீ.டி. படத்தையும் கணினியில் அப்படித் திருப்பி அளக்கலாம், அதை மறைக்கவில்லை. அடுத்தது துடிப்பு. இதயம் சுருங்கும்போது நாடி விரியும், இளவயதில் அது இன்னும் அதிகம். அதனால்தான் மார்பில் ஈ.சி.ஜி. ஸ்டிக்கர் ஒட்டி, துடிப்பின் ஒரே கட்டத்தில் அளக்கிறார்கள். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தப் படம் கலங்கலாக வரும்.

மூச்சும் பிடிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தது கொழும்பில், அங்கே தம்பிக்குச் சிங்களத்தில்தான் சொன்னார்கள். மூச்சை இழுத்துவிட்டுப் பிடிப்பதா, வெளியே விட்டுவிட்டுப் பிடிப்பதா என்று உள்ளே படுக்குமுன்பே கேட்டுவைத்துக்கொண்டான். அது நல்லதாய்ப் போயிற்று. நெஞ்சின்மேல் கனமான தகடு, காதை அடைக்கும் தடதடச் சத்தம், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. அடைத்த இடத்தில் பயப்படுபவர்களுக்கு அது லேசல்ல. இரவு ரயில், தங்கும் செலவு, ஸ்கேன் செலவு எல்லாம் சேர்த்தால் மூன்றிலும் இதுதான் அதிகம். சிறுபிள்ளைகளுக்கு எடுத்த அனுபவம் எங்கள் வீட்டில் இல்லை, அதை டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று: யுத்த காலத்தில் ஷெல் துண்டு உடம்பில் தங்கியவர்கள் மூதூரிலும் இருக்கிறார்கள், சம்பூரிலும் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அந்த இரும்பை அசைக்கக்கூடும், கண்ணுக்கோ பெரிய நாடிக்கோ பக்கத்தில் இருந்தால் மிக ஆபத்து. காயம் ஆறி எத்தனை வருடமானாலும் சொல்லிவிடுங்கள், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை உடம்பின் அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 55 கிலோ எடையும் உள்ளவருக்கு உடல் மேற்பரப்பு சுமார் 1.56 சதுர மீட்டர். 175 உயரம், 80 கிலோ என்றால் 1.97. இருவருக்கும் நாடி 3.8 என்றே வரட்டும், சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் முதலாமவருக்கு 2.4, அடுத்தவருக்கு 1.9. சிறிய உடம்புள்ள பெண்கள் ‘4க்குக் குறைவு, பிரச்சினை இல்லை’ என்று கேட்டுவிட்டு எழும்பி வராமல், என் உடம்புக்கு இது சரியா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆண்களுக்கு நாடி கொஞ்சம் அகலம், வயது ஏற ஏற எல்லோருக்கும் மெல்ல அகலும், அதையும் சேர்த்துத்தான் டொக்டர் பார்ப்பார்.

தம்பிக்கு வால்வுக்கு எக்கோ இங்கேயே தொடர்கிறது, நாடிக்கு எம்.ஆர்.ஐ. டொக்டர் சொல்லும் இடைவெளியில், முடிந்தவரை அதே இடத்தில். வரும்போது ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில், எந்தச் சுவரிலிருந்து அளந்தார்கள் என்பது பல ரிப்போர்ட்டில் இருக்காது. பழைய படம் கையில் இருந்தால் அடுத்த தடவை பார்ப்பவர் இரண்டையும் திறந்து ஒரே முறையில் தானே அளந்துகொள்வார்.