சூட்டுத் தலையா, இஸ்திரிப் பெட்டியா? மாடல் கப்பலுக்குப் பட்டை வளைக்கும் கருவிகள்

மரக்கப்பல் மாடலின் உடலைப் போர்த்தும் நீளமான மெல்லிய பலகைகள்தான் பட்டைகள். மாடல் கட்டத் தொடங்குகிறவர்கள் அவற்றைச் சூட்டால் வளைக்க, முதல் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடும் மின்கருவி இது. சால்டரிங் அயர்ன் போல ஒரு பிடி. கூர்முனைக்குப் பதில் தடித்த, உருண்டையான உலோகத் தலை. கூடவே வளைந்த பள்ளங்கள் வெட்டிய ஒரு மரக்கட்டை. சாதாரண ரகங்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. பிளக்கைச் செருகினால் சூடாகும், பிடுங்கினால் ஆறும், அவ்வளவுதான்.

சொன்ன வேலையைச் செய்கிறதா என்றால், செய்கிறது. 1.5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலமுள்ள லைம் அல்லது பாஸ்வுட் மரத்தில் செய்த பட்டையைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். 0.5 மி.மீ. வால்நட் என்றால் ஐந்து நிமிடமே தாராளம். பாஸ்வுட்டை மணிக்கணக்கில் ஊறவிட்டால் மேற்பரப்பு பஞ்சு பஞ்சாகச் சிலிர்த்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பு வராது. தலை நன்றாகச் சூடேறியதும் பட்டையைக் கட்டையின் பள்ளத்தின் மேல் வைத்து, தலையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே மெல்ல அழுத்த வேண்டும். முதலில் சுர்ரென்று ஆவி வரும். சில நொடிகளில் விறைப்பு தளர்ந்து பட்டை இணங்கி வருவது விரலுக்கே தெரியும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டியது அப்போதுதான். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் வளைவின் வெளிப்பக்கத்தில் நார் கிளம்பி, பட்டென்று விரிசல் விடும்.

மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகுகிறது. ஈரம் இருந்தால் குறைந்த சூட்டிலேயே இளகுகிறது. அதனால் வளைத்தவுடன் கையை எடுத்துவிடக் கூடாது. ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும், அதுவும் தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து. விட்டதும் சற்று நிமிரத்தான் செய்யும். வீட்டு உபயோக அமோனியாக் கரைசலில் ஊறவைக்கச் சொல்லும் யோசனையை ஒதுக்கிவிடலாம். மரம் நிறம் மாறும், அறை நாறும், வேறு பயன் இல்லை.

தலையை ஓரிடத்தில் நிறுத்தினால் தேநீர்க் கறை போலப் பழுப்புத் தழும்பு விழும். அணியப் பக்கம், அதாவது கப்பலின் முன்பகுதியில், இது பெரிய குற்றமில்லை. அங்கே தலை படுவது பட்டையின் உள்முகத்தில்; ஒட்டியபின் யார் கண்ணுக்கும் தெரியாது. அமரத்தின், அதாவது கப்பலின் பின்பகுதியின், அடியில்தான் வம்பு. அங்கே வளைவு திசை மாறுவதால் குழிந்த பக்கம் வெளியே வருகிறது, தழும்பும் வெளியே வருகிறது. 0.5 மி.மீ. பட்டையில் அதைத் தேய்த்து எடுக்கப் போனால் மரமே தீர்ந்துவிடும். வால்நட்டின் கருமையில் ஓரளவு மறையும், பேரி மரம் போன்ற வெளிர் நிறத்தில் மறையவே மறையாது. அந்த இடத்துக்கு மட்டும் ஈரத் துணித்துண்டு ஒன்றை நடுவில் வைத்து அழுத்துவது நல்லது. கருவியோடு வரும் கம்பி ஸ்டாண்டையும் நம்ப வேண்டாம். தலையின் பளுவுக்கு லேசாகத் தட்டினாலே சாய்கிறது. அதை ஒரு பலகையில் திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை வேறு. கப்பல் உடலில் ஒரு பட்டை மூன்று விதமாக நெளிகிறது: தட்டையாக வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, பக்கவாட்டில் விளிம்போடு வளைகிறது. இந்தக் கருவி முதல் வளைவை மட்டுமே கவனிக்கிறது. முறுக்கல் ஈரப் பட்டையில் கையாலேயே வந்துவிடும். மூன்றாவது வளைவைத் தராமல் அணியத்தில் பட்டையை இழுத்து ஒட்டினால், அதன் ஒரு விளிம்பு சட்டத்தை (பட்டைகளைத் தாங்கும், விலா எலும்பு போன்ற குறுக்குப் பலகையை) விட்டுத் தூக்கிக்கொண்டு, ஓடு வேய்ந்தது போலப் படிப்படியாக நிற்கும். கிளாம்ப் போட்டு அமுக்கினாலும் அடுத்த பட்டையில் அதே சிக்கல் இரட்டிப்பாகும்.

இந்த வேலைக்கு வீட்டு இஸ்திரிப் பெட்டியே மேல். ஈரப் பட்டையை ஒரு பலகையில் படுக்கவைத்து, ஒரு நுனியையும் நடுவையும் கிளாம்பால் இறுக்கி, மறுநுனியைப் பலகையோடு ஒட்டியபடியே பக்கவாட்டில் இழுத்து இறுக்குங்கள். மேலே எழும்பப் பார்க்கும் இடத்தில் இன்னொரு கிளாம்ப். பிறகு பருத்தித் துணிக்கான சூட்டில் இருபது, முப்பது நொடி பெட்டியால் மெல்லத் தேய்த்து, அப்படியே ஆறவிட வேண்டும். 1 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலப் பட்டை இதற்கு நன்றாக இணங்கும். அகலம் கூடக்கூட உள்விளிம்பு சுருக்கம் விழுந்து மடியும். அப்போது அகலமான பலகையிலிருந்து வளைவாகவே வெட்டி எடுப்பதுதான் வழி.

பிளையர் போன்ற இன்னொரு வகைக் கருவியும் விற்கிறார்கள். கத்தி போன்ற தாடையால் பட்டையின் உள்முகத்தில் சில மி.மீ. இடைவெளிக்கு ஒரு வெட்டு பதித்துக்கொண்டே போக வேண்டும். சூடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒரு நிமிட வேலை. ஆனால் கிடைப்பது வளைவே அல்ல, சின்னச் சின்ன மடிப்புகளின் வரிசை. உப்புத்தாள் போடும்போது மேடுகள் மெலிந்து, வெட்டு விழுந்த இடத்தில் பட்டை முறிகிறது. பட்டைகளை இரண்டு அடுக்காக ஒட்டும் மாடலில் உள்ளடுக்குக்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஒற்றை அடுக்கு மாடலில் இதைத் தொடவே கூடாது.

எந்தக் கருவியானாலும் வளைத்த ஈரப் பட்டையை உடனே பசை போட்டு ஒட்டாதீர்கள். ஊறிய மரம் அகலத்தில் உப்பியிருக்கும். காய்ந்ததும் சுருங்கி இரண்டு பட்டைக்கு நடுவே இடைவெளி விடும். இடத்தில் கிளாம்ப் போட்டு ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் எடுத்து, அகலத்தைச் செதுக்கிப் பொருத்திய பிறகே ஒட்ட வேண்டும். அணியத்தில் எவ்வளவு குறுக்கினாலும் பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது: 5 மி.மீ. பட்டை 2.5 மி.மீ. வரைதான். சட்டங்களின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து வைக்காதிருந்தால், எவ்வளவு அழகாக வளைத்த பட்டையும் உட்காராது. பழியெல்லாம் கடைசியில் கருவி மேல் விழும்.

18ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் போலக் கன்னம் உப்பிய அணியமும் இரட்டை அடுக்கும் உள்ள மாடலா? மின்கருவியை வாங்குங்கள், நாற்பது, ஐம்பது பட்டைகளை ஒரே சீராக வளைக்க அது உதவும். ஒல்லியான அணியமுள்ள ஸ்கூனர் என்ற பாய்மரக் கப்பல், படகு வகைகளுக்கு இஸ்திரிப் பெட்டியும் ஆறு கிளாம்பும் போதும். வாங்குவதானால் தலை திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கிறதா, அது ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆடும் தலை முதலில் கெடுப்பது பட்டையை, அடுத்து விரலை.