ஆளுக்கொரு பாத்திரமா, பட்டியலா, ஒரே அடுப்பா?

கூடி உண்ணும் விருந்துக்கு நாள் குறித்ததும் அடுத்த பேச்சு, யார் எதைக் கொண்டுவருவது என்பதுதான். அவரவர் விருப்பம்போல் ஒரு பாத்திரம் கொண்டுவரலாம். பட்டியல் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பணம் திரட்டி ஒரே அடுப்பில் சமைத்துவிடலாம். மூன்று வகை விருந்துகளிலும் உண்டிருக்கிறேன், பரிமாறியும் இருக்கிறேன். என் ஓட்டு பட்டியலுக்கு. ஆனால் வழக்கமாகப் போடும் பட்டியலுக்கு அல்ல.

விருப்பம்போல் கொண்டுவரும் முறையில் கைப்பக்குவம் மேசைக்கு வருகிறது. எது தனக்கு நன்றாக வருமோ அதைத்தான் ஒவ்வொருவரும் சமைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், ஒருவர் நினைத்ததையே பலரும் நினைத்துவிடுவார்கள். நான் பரிமாறிய ஒரு விருந்தில் வந்த 14 பாத்திரங்களில் 9 இனிப்பு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்கள் பசியோடு வீடு திரும்பினார்கள்.

அளவும் கைமீறிப் போகும். 20 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் உண்பவர்கள் 80 பேர். ஒவ்வொரு வீடும் தன் 4 பேருக்குப் போதுமான அளவு சமைத்தாலே கணக்கு நேராகிவிடும், ஏனென்றால் எல்லாரும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டிதான் எடுப்பார்கள். குறைந்துவிட்டால் மானம் போய்விடுமே என்ற பயத்தில் ஆளாளுக்கு 15 பேருக்குச் சமைத்தால், 300 பேருக்கான உணவு குவிந்துவிடும். விருந்துக்கு அழைக்கும்போதே "உங்கள் வீட்டுக்குப் போதுமான அளவு கொண்டுவந்தால் போதும்" என்று ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது.

ஒரே அடுப்பில் சமைத்தால் இந்தக் குழப்பங்கள் இல்லை. அளவு தெரியும், எதில் என்ன சேர்த்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். இருந்தாலும் எனக்கு அது உவப்பாக இல்லை. நான்கைந்து பேர் விடிகாலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, மற்றவர்கள் பணம் கொடுத்த விருந்தாளிகளாக வந்து போகிறார்கள். அந்த நான்கைந்து பேரும் பெரும்பாலும் எப்போதும் அதே ஆட்கள்தான். தவறு நேர்ந்தால் அது எல்லாருடைய தட்டுக்கும் வந்துசேரும் என்ற ஆபத்தும் உண்டு. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த வெதுவெதுப்பில்தான் கிருமிகள் பெருகும்.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாகப் பரிமாறுவது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பாத்திரத்தை மேசையில் வைத்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். அடுப்பை அணைத்துச் சூடு தணியத் தொடங்கியதிலிருந்தே எண்ண வேண்டும். பயண நேரமும் அதில் சேர்த்திதான்.

இனி பட்டியல். இன்னார் இன்ன உணவு என்று எழுதிக் கொடுப்பது கட்டளைபோல் இருக்கிறது, கைப்பக்குவமும் போய்விடுகிறது. வகையை மட்டும் பிரித்தால் போதும்: வயிறு நிரப்பும் முதன்மை உணவுக்கு இத்தனை வீடுகள், தொட்டுக்கொள்ள இத்தனை, இனிப்புக்கு இரண்டே இரண்டு. வகைக்குள் என்ன சமைப்பது என்பது அவரவர் விருப்பம். சமைக்க நேரமோ வசதியோ இல்லாதவர்களுக்கும் பட்டியலில் கௌரவமான இடம் வேண்டும். தட்டுகள், குடிநீர், கடைசியில் மேசை துடைப்பது எல்லாமே பங்குதான். அந்த வரிகள் இல்லாததால் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுபவர்கள் உண்டு.

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு சீட்டு: பெயரைவிட உள்ளே சேர்த்தவை முக்கியம். சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா, கோதுமை, எள் இவற்றில் எது இருந்தாலும் எழுதியாக வேண்டும். பாத்திரத்துக்கு ஒரு கரண்டி. கரண்டி மாறினால் சீட்டு எழுதியும் பயனில்லை.

பட்டியலால் தீராத ஒன்றும் இருக்கிறது. ஒரு விருந்தில் மூதாட்டி ஒருவர் சிறிய எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்தது மேசைக் கோடியில் பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் மறைந்துபோனது. யாரும் தொடவில்லை. "எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே மூடியை அழுத்தி மூடினார். அன்றிலிருந்து, நான் பரிமாறும் பந்திகளில் தட்டு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முதலில் வைப்பது இருப்பதிலேயே சிறிய பாத்திரத்தை.