ஸ்வீடிஷ் அகாதெமியின் இணைய அகராதி: ‘நாகெல்’ என்னும் ஒரு சொல்லை வைத்து ஒரு மதிப்பீடு

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஸ்வீடன் நாட்டு நிறுவனங்களுக்காகப் பணியாற்றி, மாலையில் அம்மொழியையும் கற்றுவரும் சென்னைவாசிகளுக்கு ஸ்வீடிஷ் அகாதெமி கட்டணமின்றி வழங்கும் ‘ஸ்வென்ஸ்கா’ தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அகாதெமியின் சொற்பட்டியல் அகராதி, பொருள் அகராதி, வரலாற்று அகராதி ஆகிய மூன்றையும் ஒரே தேடலில் காட்டும் இத்தளத்தைச் சோதிக்க, விரல் நகத்தைக் குறிக்கும் ‘நாகெல்’ என்ற சிறு சொல்லே போதும்.

சொற்பட்டியல் அகராதி இச்சொல்லின் வடிவங்களைச் சுருக்கமாகத் தருகிறது: ஒருமையில் நாகெல், பன்மையில் நாக்லர், ‘அந்த நகம்’ என்பதற்கு நாகெல்ன், ‘அந்த நகங்கள்’ என்பதற்கு நாக்லர்னா. சுட்டுப்பொருளைத் தனிச்சொல்லாக முன்னே வைக்காமல் ஈற்றில் விகுதியாக ஒட்டுவது, உருபுகளை ஒட்டியே பேசிப் பழகிய நமக்கு அவ்வளவு கடினமன்று. சங்கடம் தருவது, பன்மையில் ‘எ’ மறைந்துவிடுவதும், ‘நாக்லர்’ என்பதே ‘ஆணியால் அறைகிறான்’ என்னும் வினைமுற்றாகவும் நிற்பதுமே. இரும்பு ஆணிக்கு இன்றைய ஸ்வீடிஷில் ‘ஸ்பீக்’ என்ற வேறு சொல் வழங்குகிறது. ஐஸ்லாந்து மொழியிலோ நகத்துக்கு ‘நோக்ல்’, ஆணிக்கு ‘நக்லி’ என்று ஒரே வேரின் இரு கிளைகளும் உயிரோடிருக்கின்றன. நகங்கள் ‘நெக்லுர்’, ஆணிகள் ‘நக்லர்’ என்பதால், ஸ்வீடிஷ் கற்றவர் அங்கே தம் நகங்களை ஆணிகளாக்கிவிடக்கூடும்.

சொற்பிறப்புக்கு நாட வேண்டியது, முதல் தொகுதி 1898இலும் இறுதித் தொகுதி 2023இலும் வெளிவந்த, 39 தொகுதிகள் கொண்ட வரலாற்று அகராதி. ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழியான பழைய நார்ஸின் ‘நக்ல்’, ஜெர்மனின் ‘நாகல்’, ஆங்கிலத்தின் ‘நெயில்’ ஆகியவை உடன்பிறப்புகள். இலத்தீனின் ‘உங்குயிஸ்’, கிரேக்கத்தின் ‘ஓனிக்ஸ்’ ஆகியவை தூரத்து உறவுகள். சமஸ்கிருத ‘நக’வையும் இக்குடும்பத்தில் சேர்ப்பது வழக்கம். அவ்வழியில் வந்ததே நம் ‘நகம்’. அதற்குரிய பழந்தமிழ்ச் சொல் ‘உகிர்’.

குறை இல்லாமலில்லை. விளக்கம் முழுவதும் ஸ்வீடிஷிலேயே இருக்கிறது. வரலாற்று அகராதியின் குறுக்கக் குறியீடுகள் புதியவரை மிரளவைக்கும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே நிற்கும் வசதிக்குப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். ஆகவே தொடக்கநிலையினர், சொல் வரலாற்றை ஓரிரு வரிகளில் தரும் பொருள் அகராதியிலேயே முதலில் தேடுவது நல்லது.