பழைய வீட்டு யன்னல்: அலுமினியமா, மரமா?

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா பக்கம் பழைய வீட்டில் யன்னல் மாற்றுவதற்கு மலிவான வழிகள் இரண்டு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலுமினிய சிலைடிங் போடலாம். இல்லாவிட்டால் மர நிலையை வைத்துக்கொண்டு கதவை மட்டும் புதிதாகச் செய்யலாம்.

அலுமினியத்தைக் கறையான் தின்னாது, மாரியில் ஊதி இறுகாது. பவுடர் கோட்டிங் நல்லதென்றால் கடற்காற்றையும் தாங்கும். ஆனால் சிலைடிங் யன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். வெக்கையான கச்சான் காற்று வீசும் காலத்தில், அதுவும் கரண்ட் போன இரவில், அந்தப் பாதி போதாது. கீழ்ச்சட்டத்தில் மணல் சேர்ந்து நீர் வடியும் துளை அடைபட்டால் மார்கழி மழை வீட்டுக்குள் வரும். திருகாணி ஸ்டெயின்லெஸ்தானா என்று கேட்டுவிடுங்கள். முதலில் துருப்பிடிப்பது திருகாணிதான். நிலையைப் பெயர்த்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து உதிரும், மேசன் கூலி தனி.

முதிரை, பாலை மரத்தில் செய்த நிலையைப் பெயர்ப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. அடிக்கட்டையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் நிலை இன்னும் உழைக்கும். நன்றாகக் காய்ந்த பலகையில் ஓடாவியார் (தச்சர்) கதவு செய்து தந்தால் போதும், முழுதாகத் திறக்கலாம். மாரிக்கு முன் பெயின்ட் பூசப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு இது சரிவராது.

நிலை உக்கிப்போன யன்னலுக்கும் குளியலறைக்கும் அலுமினியம், மற்றதெல்லாம் மரம். நான் அப்படித்தான் பிரிப்பேன்.